வக்கடையும் கால்வாயும்: மீன்முளைய ஆராய்ச்சி பற்றிய ஒரு திறனாய்வு

வரிக்குதிரை மீனின் முளையத்தைப் பற்றி வெளிவரும் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஒருவகைப் படம் மீண்டும் மீண்டும் காணப்படும். கண்ணாடி போன்ற சிற்றுடல் ஒன்று. அதன் முண்ணாணிலோ, கண்ணிலோ, இதயத்திலோ நாவற்பழச் சாறு தோய்ந்தாற்போல ஒரு கறை. அக்கறை விழுந்த இடத்தில் இன்ன அயன் கால்வாய்க்குரிய பரம்பரையலகு வெளிப்படுகின்றது என்று படத்தின் கீழே பொறித்திருப்பர். சோடியத்துக்கு உரியவை, பொற்றாசியத்துக்கு உரியவை, கல்சியத்துக்கு உரியவை எனக் கால்வாய்ப் பரம்பரையலகுகளை நிரைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் முளையத்தின் வெவ்வேறு மணிக்குரிய படங்களை அடுக்கித் தரும் அட்டவணைக் கட்டுரைகள் கடந்த இருபது ஆண்டுகளிற் பெருகிவிட்டன. உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் மாணாக்கர் முதல் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் வரை பலரும் இவற்றைக் காண்கின்றனர். கண்டவர் விரைவில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றனர்: கறை உள்ள இடத்தில் அக்கால்வாய் தொழிற்படுகின்றது, கறை இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை. இம்முடிவின் இரு பகுதிகளும் ஐயத்துக்குரியன என்பதையே ஈண்டுக் காட்டப் புகுகின்றோம். இஃது ஏட்டளவில் நின்றுவிடும் ஐயமன்று. மனிதருக்குக் கொடுக்கும் மருந்து இதயத்தைக் குழப்புமா என்பதை இம்மீனின் முளையத்தில் வைத்துப் பார்க்கும் வழக்கம் ஆய்வுகூடங்களில் ஏற்பட்டுவிட்டது. கறையைத் தவறாக வாசிப்பவர் இதயத்தையும் தவறாக வாசிக்க நேரும்.

முதலிற் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். கலத்தின் மென்சவ்வில் அமைந்து அயன்களை உள்ளும் புறமும் செல்லவிடும் புரதத்தை நம் பாடநூல்கள் கால்வாய் என்று அழைக்கின்றன. கால்வாய் என்றதும் மனக்கண்முன் தோன்றுவது குளத்திலிருந்து வயலுக்குப் பல கட்டை தூரம் ஓடும் நீர்வழியன்றோ? மென்சவ்வின் தடிப்போ ஏறக்குறைய 5 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றரை இரண்டு இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. அத்துணை மெல்லிய வரம்பில் நீண்ட நீர்வழிக்கு இடமேது? எழுவான்கரையிலிருந்து தோணியேறி வாவியைக் கடந்து படுவான்கரை வட்டைகளில் வேளாண்மை செய்த நம் முன்னோர் வரம்பில் நீர் பாய வெட்டிய வாயை வக்கடை என்றனர். மென்சவ்வுப் புரதத்துக்கு அச்சொல் மிகவும் பொருந்தும். ஒரு வயலின் நீர்மட்டம் உயர்ந்தும் அடுத்த வயலின் மட்டம் தாழ்ந்தும் இருக்கும்பொழுது வக்கடையைத் திறந்தால் நீர் தானே பாய்கின்றது, இறைக்க வேண்டுவதில்லை. அயன்களும் அவ்வாறே. திறந்துள்ள ஒரு கால்வாயினூடாக ஒரு செக்கனிற் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அயன்கள் செல்லக்கூடும். கால்வாய் என்ற சொல் அச்சேறி நிலைத்துவிட்டமையால் அதனை நீக்கும்படி நாம் கேட்கவில்லை. 1930களிற் சென்னையில் நடந்த சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் காரைதீவில் பிறந்தவர். வக்கடையை நன்கு அறிந்த மண்ணின் மைந்தர். அயன் கால்வாய் என்ற பொருளே அக்காலத்தில் அறிஞருக்குத் தெளிவாகாதிருந்தது. இன்று அவர் இருந்திருப்பின் எச்சொல்லைத் தேர்ந்திருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதில் ஓர் இன்பம் உண்டு.

இதனினும் இடர் தரும் சொல் "வெளிப்பாடு" என்பது. வக்கடை வெட்டுமாறு வட்டை விதானை கட்டளையிட்டார் என்பது ஒரு செய்தி. வக்கடை வெட்டப்பட்டது என்பது வேறு செய்தி. அது திறக்கப்பட்டு நீர் பாய்ந்தது என்பது மூன்றாவது. கலத்தினுள்ளும் இவ்வாறே. பரம்பரையலகிலிருந்து தூது ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுதல் கட்டளை. அதன்படி புரதம் ஆக்கப்பட்டு மென்சவ்விற் சென்று அமர்தல் வெட்டுதல். மின்னழுத்த மாற்றத்தாலோ வேறு தூண்டலாலோ அது திறந்து மின்னோட்டம் நிகழ்தல் பாய்தல். இம்மூன்றையும் வெளிப்பாடு என்ற ஒரே சொல்லால் சுட்டும் வழக்கம் ஆங்கிலக் கட்டுரைகளிலேயே உண்டு. தமிழில் எழுதும்பொழுது அக்குழப்பத்தையும் சேர்த்தே இறக்குமதி செய்துவிட்டோம்.

நாவற்பழ நிறக் கறை இம்மூன்றில் எதனைக் காட்டுகின்றது? அதனை உண்டாக்கும் முறையை அறிந்தால் விடை தானே பெறப்படும். தேடப்படும் தூது ஆர்.என்.ஏ.யோடு இணைசேரத்தக்க எதிரிழை ஒன்றை ஆய்வுகூடத்தில் ஆக்கி, அதில் டைகொட்சிசெனின் என்னும் பொருளைக் கோத்துவிடுவர். (அது டிஜிற்றாலிஸ் செடியிலிருந்து வருவது, இதயநோய்க்குக் கொடுக்கும் டிஜொட்சினும் அச்செடிக் குடும்பத்ததே.) பதப்படுத்திய முளையத்தினுள் அவ்விழை சென்று தன் துணையைக் கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் டைகொட்சிசெனினைப் பற்றும் பிறபொருளெதிரியை ஊட்ட, அதனோடு இணைந்த நொதியம் நிறமற்ற பொருளைக் கருநீலமாக மாற்றும். ஆகவே கறை காட்டுவது கட்டளையை மாத்திரமே. முளையம் அப்பொழுது உயிரோடும் இல்லை. எந்த வக்கடையும் அதிற் திறந்து மூடப்போவதில்லை.

மட்டக்களப்பு வாவியின் ஒலியை இங்கே நினைத்தல் பொருத்தமாகும். இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனென்ற் 1848இல் தோணியிற் சென்று அவ்வொலியைத் தாமே கேட்டு எழுதிவைத்தார். மீனவர் அதனை ஊரியின் ஒலி என்று அவருக்குக் கூறினர். ஊர்வழக்கோ மீன் பாடுவதாகக் கொண்டு நகருக்கே அடைமொழி சூட்டியது. ஒலி கேட்ட இடம் இருசாராருக்கும் ஒன்றே. இடத்தைத் துல்லியமாக அறிந்ததால் ஒலிப்பது யாது என்ற வினா தீர்ந்துவிடவில்லை.

இனி மீனுக்கு வருவோம். பிரான்சிசு ஹமில்ற்றன் என்னும் ஸ்கொத்திய வைத்தியர் கங்கையாற்று மீன்களைப் பற்றி 1822இல் வெளியிட்ட நூலில் இச்சிறு மீனை விவரித்தார். 1800இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடம், மலையாளம் என்னும் நாடுகளைச் சுற்றி வந்து எழுதிய புக்கானனும் இவரே. ஹமில்ற்றன் என்பது பின்னர் ஏற்ற பெயர். டானியோ என்ற இனப்பெயர் நெல்வயலைக் குறிக்கும் வங்கச் சொல்லிலிருந்து வந்ததென்பர். இந்தியா, வங்காளதேசம், நேபாளம் ஆகியவற்றின் ஆழமற்ற அமைதியான நீர்களிலும் வயலோரங்களிலும் இது வாழ்கின்றது. ஈழத்தில் இது இயற்கையாக இல்லை. ஆயினும் நெருங்கிய உறவினங்கள் உள. நில்வளா கங்கைப் பகுதிக்கே உரிய ஒன்றை 1990இல் டானியோ என்றே முதலிற் பெயரிட்டனர். ஒறிகன் பல்கலைக்கழகத்து ஜோர்ஜ் ஸ்ரைசிங்கர் 1981இல் வெளியிட்ட கட்டுரையோடு இம்மீன் ஆய்வுகூடத்தில் உறுதியாக அமர்ந்தது. 1996இல் ஜேர்மனியின் ரியூபிங்கனிலும் அமெரிக்காவின் பொஸ்ரனிலும் நடந்த பெருந்தேடல்கள் ஆயிரக்கணக்கான விகாரங்களை வெளிக்கொணர்ந்தன. கருக்கட்டிய முட்டை தாயின் உடலுக்கு வெளியே வளர்கின்றது. ஏறக்குறைய 17ஆம் மணியில் முளையம் தானே சுருளத் தொடங்குகின்றது. 21ஆம் மணியளவில் தொட்டால் அசைகின்றது. 24ஆம் மணியளவில் இதயம் துடிக்கின்றது. வளர்க்கும் வெப்பநிலை 28.5 பாகை சதமளவை என உலகெங்கும் விதித்துள்ளனர். குளிர்நாட்டார் இதற்கெனச் சூடேற்றிய பெட்டிகளை வைத்திருக்கின்றனர். களுதாவளையில் ஒரு பாத்திரத்தைத் திண்ணையில் வைத்தாலும் ஏறக்குறைய அவ்வெப்பம் கிடைத்துவிடும்.

அட்டவணைக் கட்டுரைகளுள் சிறந்ததொன்று, கொலறாடோப் பல்கலைக்கழகத்து ஆன்ஜெலிஸ் றிபெராவின் குழு 2006இல் வெளியிட்டது. பாலூட்டிகளில் மின்னழுத்தத்தாற் திறக்கும் சோடியக் கால்வாயின் தலைமைப் புரதத்துக்குப் பத்துப் பரம்பரையலகுகள் உள்ளன. மீனில் எட்டு. முள்ளந்தண்டு விலங்குகளின் பொது மூதாதையரிடமிருந்து வந்த நான்கு, என்பு மீன்களின் மரபுப்பொருள் முழுவதும் ஒருமுறை இரட்டித்தபொழுது எட்டாயின என அவர்கள் நிறுவினர். பின்னர் எட்டும் எந்த மணியில் எந்த இழையத்தில் படியெடுக்கப்படுகின்றன என்பதைப் பொறுமையுடன் காட்டினர். சில தசையிலும் சில நரம்புத் தொகுதியிலும் எனப் பிரிந்து நின்றமை, இரட்டைப் பிள்ளைகள் தந்தையின் காணியைப் பங்கிட்டுக்கொண்டமை போலும். இக்கட்டுரையின் மேன்மை அதன் அடக்கத்தில் உள்ளது. படியெடுப்பைப் படியெடுப்பென்றே கூறி, மின்னோட்டத்தை மின்கருவியால் அளக்கும் வேலையைத் தனியே செய்தனர். பின்வந்த பல அட்டவணைகளில் இவ்வடக்கம் காணப்படவில்லை.

அக்குழுவே ஆராய்ந்த "மாச்சோ" என்னும் விகாரம் நம் வாதத்துக்கு வலிமை சேர்க்கின்றது. ரியூபிங்கன் தேடலில் அகப்பட்ட இம்மீனின் முளையத்தைத் தொட்டால் அசையாது. தொடுகையை உணரும் றோகன்-பியர்ட் நரம்புக்கலங்களிற் சோடிய மின்னோட்டம் குறைந்திருப்பதையும், தாக்க அழுத்தம் எழாமையையும் றிபெராவும் நூஸ்லைன்-வோல்ஹாட்டும் 1998இல் அளந்தறிந்தனர். சோடியக் கால்வாய்ப் பரம்பரையலகு எதுவோ சிதைந்துவிட்டதென்று எவரும் கருதுவர். 2015இற் குற்றவாளி அகப்பட்டபொழுது அது கால்வாயே அன்று. சில புரதங்களை மென்சவ்வில் தளைக்கும் கொழுப்பு நங்கூரத்தைப் பூட்டும் வேலையிற் சேர்ந்த பி.ஐ.ஜி.கே. என்னும் பரம்பரையலகு. நல்ல பி.ஐ.ஜி.கே.யை உணர்கலங்களுக்கு மாத்திரம் திருப்பிக் கொடுத்தபொழுது மின்னோட்டம் மீண்டது. தாக்க அழுத்தமும் மீண்டது. ஆனால் மீன் அசையவில்லை! உடல் முழுவதிலும் கொடுத்தபொழுதே தொடுகைக்கு எதிர்வினை திரும்பியது. கட்டளையிலிருந்து மின்னோட்டத்துக்கு ஒரு தூரம். மின்னோட்டத்திலிருந்து நடத்தைக்கு இன்னொரு தூரம். எட்டுச் சோடியப் பரம்பரையலகுகளின் கறைப்படங்களை எத்துணைக் கூர்ந்து நோக்கினாலும் பி.ஐ.ஜி.கே. என்ற பெயர் அவற்றிலிருந்து எழுந்திராது.

இதுவரை கூறியதால் கறைப்படம் பயனற்றது என்று கொள்ளற்க. இதயத்தின் வரலாறு அதற்கு மறுப்பாக நிற்கின்றது. மனித இதயவறைக் கலங்கள் ஒவ்வொரு துடிப்பின் பின்னும் ஓய்வுநிலைக்கு மீள்வதற்குத் துணைசெய்யும் பொற்றாசியக் கால்வாய் ஒன்றை கே.சி.என்.எச்.2 என்னும் பரம்பரையலகு ஆக்குகின்றது. பல மருந்துகள் எதிர்பாராத வகையில் இதனை அடைத்து உயிருக்கு ஆபத்து விளைத்தன. ஒவ்வாமைக்கு வழங்கிய ரேர்பெனாடின் 1998இலும், வயிற்றுக் கோளாறுக்கு வழங்கிய சிசப்பிறைட்டு 2000இலும் அமெரிக்கச் சந்தையை விட்டு நீங்கின. 2003இல் பொஸ்ரன் நகர ஆராய்ச்சியாளர் 100 சேர்வைகளை வரிக்குதிரை மீன் முளையங்களிற் சோதித்தனர். மனித இதயத்தில் மீள்நிலைக் காலத்தை நீட்டுவன என அறியப்பட்ட 23 மருந்துகளுள் 22 மீனின் இதயத்துடிப்பைத் தளர்த்தின. "பிறேக்டான்ஸ்" என்னும் விகார மீனில் சோணையறை இருமுறை துடிக்க இதயவறை ஒருமுறையே துடிக்கின்றது. அங்கும் அதே வகைக் கால்வாயே பழுதுற்றிருந்தது. எனவே மனிதனின் கே.சி.என்.எச்.2 எதுவோ அதுவே மீனின் இதயத்திலும் உள்ளதெனப் பலர் எழுதினர்.

எங்கே எது படியெடுக்கப்படுகின்றது என்று அளந்து பார்த்தவரோ வேறொன்றைக் கண்டனர். மீனின் இதயத்தில் அவ்வேலையைப் பெரும்பாலும் செய்வது கே.சி.என்.எச்.6ஏ என்னும் உடன்பிறப்பு. பின்லாந்து ஆராய்ச்சியாளர் 2016இல் எழுதிய மதிப்பீட்டுக் கட்டுரை இதனைத் தெளிவாக எடுத்துரைக்கின்றது. பெயரொற்றுமையை நம்பியவர் தவறினர்; வெளிப்பாட்டை அளந்தவர் திருத்தினர். மருந்துச் சோதனை இதனால் வீழ்ந்துவிடவில்லை. உடன்பிறப்பு அதே குணமுடையதாதலால் மருந்துகள் அதனையும் அடைக்கின்றன. ஆயினும் ஒரு மருந்து மனிதக் கால்வாயை எவ்வளவு இறுகப் பற்றும் என்று மீனைக்கொண்டு எண் கூற விழைபவர், தாம் அளப்பது உடன்பிறப்பை என்பதை மறத்தலாகாது. இக்குறிப்பைச் சேர்க்காத மருந்தியற் கட்டுரைகள் இன்றும் வருகின்றன என்பது வருந்தத்தக்கது.

அவ்வாறாயின் மனிதப் பெயரைத் தாங்கிய கே.சி.என்.எச்.2ஏ மீனில் எங்கே தோன்றி அறிஞரை வியப்பித்தது? செட்டையில்! அலங்கார மீன் வளர்ப்போரிடையே நீண்ட செட்டையுடைய வரிக்குதிரை மீன் நெடுங்காலமாகப் புழங்கி வருகின்றது. ஆய்வுகூடங்கள் அதனை நெடுஞ்செட்டை என்ற பெயராலேயே ஏற்று, ரியூபிங்கன் வம்சமொன்றில் அடையாளக் குறியாகவும் வைத்துக்கொண்டன. பல்லாயிரம் தொட்டிகளில் அது நீந்தியது. அதன் காரணம் மாத்திரம் தெரியவில்லை. 2021இல் ஒறிகன் பல்கலைக்கழகத்து ஸ்கொட் ஸ்ருவேட், கிறின் ஸ்ரங்குனாஸ் குழுவினர் விடை தந்தனர். அம்மீனின் இரண்டாம் நிறமூர்த்தத்தில் உள்ள கே.சி.என்.எச்.2ஏ, வளரும் செட்டையில் அளவுமீறிப் படியெடுக்கப்படுகின்றது. புரதத்தின் அமைப்பைக் குறை கூறுவதற்கில்லை. அதனை இயக்கும் கட்டளையே இடம் தவறியது. படுவான்கரை வட்டையில் வெட்டவேண்டிய வக்கடையை எழுவான்கரைத் தோட்டத்தில் வெட்டியதற்கு இது நிகர்.

இக்கட்டுரையைத் திறனாய்வாளர் சற்று நின்று நோக்கவேண்டும்; ஏனெனில் கறையோடு நிற்காத ஆராய்ச்சி எவ்வாறு இருக்கும் என்பதற்கு இதனைக் காட்டலாம். முதலாவதாக, நெடுஞ்செட்டைக் குணத்தைத் தாங்கிய அதே நிறமூர்த்தத்தில் உள்ள கே.சி.என்.எச்.2ஏயைச் சிதைத்தனர், செட்டை இயல்பான நீளத்துக்கு மீண்டது. அளவுமீறிய படியெடுப்பு செட்டை நீண்டதன் விளைவோ அன்றி அதன் காரணமோ என்ற ஐயம் இதனால் அற்றுப்போயிற்று. அடுத்துக் காலத்தை ஆராய்ந்தனர். வெட்டிய செட்டை மீண்டும் வளரும்பொழுது, பிற்பட்ட நாள்களில் மாத்திரம் மருந்தால் அக்கால்வாயை அடைத்தாலும் மிகைவளர்ச்சி முற்றாக நின்றது. ஆதலின் அக்கால்வாய் செட்டையை விரைந்து வளரச் செய்யவில்லை. நிற்கவேண்டிய வேளையில் நிற்கவிடாது வளர்ச்சிக் காலத்தை நீட்டியது. பின்னர்க் கலங்களை ஒரு முளையத்திலிருந்து மற்றதற்கு மாற்றி நட்டு, செட்டைக் கதிர்களின் உள்ளே இருக்கும் இணைப்பிழையக் கலங்களிலேயே அது தொழிற்படுகின்றது என்று நிறுவினர். கல்சியத்தால் இயங்கும் கல்சினியூரின் என்னும் நொதியத்தின் தடுப்பை அது மீறுகின்றதென்ற கருத்துக்கும் சான்று காட்டினர். வக்கடை எங்கே வெட்டப்பட்டது, எப்பொழுது நீர் பாய்ந்தது, எந்த வயல் நனைந்தது என மூன்றும் இங்கே தனித்தனியே விடை பெறுகின்றன.

இதற்கு ஏழாண்டு முன்னர், 2014இல், "இன்னொரு நெடுஞ்செட்டை" என்ற விகாரத்தின் காரணத்தை நூஸ்லைன்-வோல்ஹாட்டின் ஆய்வகத்தினர் வெளியிட்டிருந்தனர். அதில் கே.சி.என்.கே.5பி என்னும் வேறொரு பொற்றாசியக் கால்வாயின் புரதத்திலேயே மாற்றம் நேர்ந்து, அது மிகுதியாக அயன்களைச் செல்லவிட்டது. ஒன்றில் வக்கடை வேற்றிடத்தில் வெட்டப்பட்டது; மற்றதில் வக்கடையே அகன்றுவிட்டது. விளைவோ இரண்டிலும் நீண்ட செட்டை. இரண்டாவது விகாரத்துக்குக் கறைப்படம் எடுத்தால் அது நமக்கு என்ன கூறும்? கட்டளை பிறந்த இடத்தைக் கூறும். அகலத்தைப் பற்றி வாய் திறவாது. அகலத்தை அறிய மின்வாய் கொண்டு அளத்தல் வேண்டும். பெங்களூரில் வத்சலா திருமலையின் ஆய்வகம் இம்மீனின் குடம்பியில், சிறுமூளையின் பேர்க்கிஞ்சே நரம்புக்கலங்களுக்கு மின்வாய் வைத்து 2015இல் வெளியிட்ட அளவீடுகளை நம் மாணவர் படித்தல் நன்று. அத்துணைச் சிறிய உயிருள் மின்னோட்டத்தை நேரே அளத்தல் இயலும் என்பது அப்பொழுது விளங்கும்.

கோடுகளைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். கே.சி.என்.ஜே.13 என்னும் பொற்றாசியக் கால்வாய் பழுதுற்றால் மீனின் நேரிய கருங்கோடுகள் அகன்று குலைகின்றன. 2006இல் யப்பானியர் இதனை நிறுவினர். அதற்கு முன்னரே, கலம் மாற்றி நடும் முறையால், கோளாறு கருநிறக் கலங்களிலேயே உள்ளதென்று அறிந்திருந்தனர். 2020இல் ரியூபிங்கன் குழுவினர் ஒரு படி மேலே சென்று, டானியோ இனங்களின் கோலம் வேறுபடுவதற்கு இப்பரம்பரையலகு ஒன்றுக்கு மேற்பட்ட முறை தனித்தனியே மாறியமை காரணமாயிற்று என்று காட்டினர். 2023இல் அவர்களே அதனைத் தொடர்ந்து ஆராய்ந்து, மாற்றம் இயக்கும் கட்டளைப் பகுதியில் நேர்ந்ததென்று எழுதினர். செட்டையிற் கண்டது கோட்டிலும் கண்டதாயிற்று.

பரம்பரையலகின் வேலையை அறியச் சிலர் குறுக்குவழி ஒன்றை நெடுங்காலம் கையாண்டனர். மோபோலினோ என்னும் செயற்கை இழையை முட்டையிற் செலுத்தித் தூதை மறித்துவிட்டு, விளையும் ஊனத்தை அப்பரம்பரையலகின் இழப்பால் வந்ததென்று கொண்டனர். 2015இல் மசச்சூசெற்சுக் குழு ஒன்று இவ்வாறு பெறப்பட்ட ஊனங்களை உண்மையான விகார மீன்களோடு ஒப்பிட்டு, பத்தில் எட்டுப் பங்கு விகார மீன்களிற் காணப்படவில்லை என்று அறிவித்தது. மோபோலினோவின் பக்கவிளைவு இதற்கு ஒரு காரணம். பரம்பரையலகை முற்றாக இழந்த மீனில் வேறு பரம்பரையலகுகள் அதன் இடத்தை நிரப்பிவிடுதல் இன்னொரு காரணம் என்று அதே ஆண்டில் வேறொரு குழு காட்டியது. கால்வாய் பற்றிய பழைய கட்டுரைகள் பலவும் இம்முறையில் எழுந்தவை. அவற்றை வாசிக்கும்பொழுது, முதலில் எம்முறை கையாளப்பட்டது என்ற பகுதியைப் புரட்டிப் பார்ப்பது நலம்.

அட்டவணைக் கட்டுரைகளிடம் இன்னுமொரு குறை உண்டு. அதனைச் சொல்வார் அருகியிருக்கின்றனர். முளையம் எந்த நீரில் வளர்ந்தது? ஆய்வுகூட நீரில் உப்புகளின் அளவு வகுக்கப்பட்டது, நாள்தோறும் ஒன்றே. வங்கத்து வயலின் நீரோ மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. மீன்களும் வயலிலிருந்து வந்தவையல்ல. புகழ்பெற்ற ஏ.பி. வம்சம் ஒறிகன் மாநிலத்து அலங்கார மீன் கடைகளிலிருந்து 1970களிற் பெறப்பட்டது. காட்டு மீன்களில் ஆண்பெண் வேறுபாட்டைத் தீர்மானிக்கும் நிறமூர்த்த முறை ஆய்வுகூட வம்சங்கள் சிலவற்றில் இழக்கப்பட்டுவிட்டதென்று 2014இல் வெளிப்பட்டது. அத்துணைப் பெரிய குணமே தொட்டியில் கரைந்துபோயிருக்க, கால்வாய்ப் பரம்பரையலகுகளின் கட்டளைகள் வயலிலும் தொட்டியிலும் ஒன்றே என்று எவ்வாறு கொள்வது? பூக்கள் முழுமையாக உருவாகுமுன், மீன் முளையம் தோலில் உள்ள அயன் கலங்களாலேயே உப்பைச் சரிக்கட்டுகின்றது. தாய்வானின் குவாங் பங்-பங் குழு 2005இல் முளையங்களைக் கல்சியம் குறைந்த நீரில் வளர்த்தபொழுது, அக்கலங்களிற் கல்சியம் புகும் கால்வாயின் படியெடுப்பு உயர்ந்தது. நீர் மாறியது, கறை மாறியது. நீரின் உப்பைக் குறிப்பிடாத அட்டவணை, எந்தப் போகத்தில் எடுத்தது என்று எழுதாத விளைச்சற் கணக்குப் போன்றது.

இவ்விடத்தில் நம் வாவி நினைவுக்கு வருதல் இயல்பே. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவிக்கு வடக்கே பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றிலும் கடலோடு வாய்கள் உள. களுதாவளை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. வடகீழ்ப் பருவ மழையில் முகத்துவாரத்து மணற்றிட்டு அறுபடுமுன்னும் அறுபட்டபின்னும், பின்னர்க் கச்சான் வீசும் காலத்திலும் நீரின் உப்பு ஒன்றாக இருப்பதில்லை. வரிக்குதிரை மீன் இந்நீரில் வாழாது. 1950களின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக்குத் திலாப்பியா வாழ்கின்றது. பெண்மீன் முட்டைகளை வாயில் வைத்தே அடைகாக்கின்றது. அம்மீனின் முளையத்தை 1999இல் யப்பானிய ஆராய்ச்சியாளர் நன்னீரிலிருந்து கடல்நீருக்கு மாற்றி, மஞ்சட்கருப் பையின் மேலுள்ள அயன் கலங்களை நாள்தோறும் உயிரோடு நோக்கினர். பழைய கலங்கள் அழிந்து புதியவை தோன்றும் என்று எண்ணியோருக்கு மாறாக, பெரும்பாலான பழைய கலங்களே பருத்து உருமாறி நின்றன. ஒரே கலம், இரு நீரில் இரு தொழில். வாவியில் வலைவீசும் மீனவரிடம் வாயில் முட்டையுள்ள ஒரு பெண்மீனைப் பெறுதல் அரிதன்று. உப்பளக்கும் சிறு கருவியும் ஒரு நுணுக்குக்காட்டியும் பாடசாலை ஆய்வுகூடத்தில் இருந்தாற் போதும். அறுபடுமுன் ஒருமுறையும் அறுபட்டபின் ஒருமுறையும் முட்டைகளை எடுத்து, அயன் கலங்களின் பருமனை வரைந்து, அன்றைய நீரின் உப்பைப் படத்தின் அருகே எழுதி வைக்கும் மாணவன், நீரைக் குறிக்க மறந்த பல வண்ண அட்டவணைகளில் இல்லாத ஒரு செய்தியைத் தருவான்.